ஏன் இவ்வளவு மலிவு?

"ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேட்டாள் நவமணி.

நஸீஹா விலையட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தக் கணினிக் கடையில் அவள் நான்கு வருடமாக விற்பனைப் பெண். ஏன் இவ்வளவு விலை என்று கேட்டவர்கள் நிறையப் பேர். இப்படித் திருப்பிக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

"ஆஃபர் மேடம்."

"ஆஃபர் சரி. ஏன் ஆஃபர்?"

கண்ணாடிப் பெட்டிக்குள் லேப்டாப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் வைத்திருந்த அட்டையில் 3,999 வெள்ளி என்று எழுதிச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். கீழே 1,399. நவமணி அந்த அட்டையை நேராக ஒரு படம், இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம் என்று கைப்பேசியில் எடுத்தாள். பிறகு கைப்பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் வெளியே எடுத்தாள்.

"இந்த 3,999ங்கிற விலைய எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் போட்டிருந்தீங்க?"

நஸீஹா அந்த நோட்டைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் மேடம். தவுக்கேயக் கூப்பிடறேன்" என்று உள்ளே ஓடினாள்.

நவமணிக்கு இதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. அவள் எங்கே போனாலும் இப்படித்தான் கேட்பாள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதகர். நகக்கண் அளவு சில்லுகளைப் பெரிதாக்கும் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பாள். குறை தெரிந்தால் சிவப்புப் பொட்டு ஒட்டிக் கழிவுப் பெட்டியில் போடுவாள். வீட்டிலும் அந்தக் கண் ஓய்வதில்லை. ஒரு பக்கம் தடித்த தோசை, கழுத்துப்பட்டி சரியாகத் தேய்க்காத சட்டை, மகளின் பரீட்சைத் தாளில் ஆசிரியர் தப்பாகக் கூட்டிய மதிப்பெண் எல்லாம் மாட்டும்.

ஒரே ஒருமுறை அந்தக் கண் ஏமாந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வாஷிங் மெஷினைப் பாதி விலைக்கு வாங்கினாள். மூன்றாவது வாரம் அது துணியோடு சேர்ந்து குளியலறையிலிருந்து கூடம் வரைக்கும் நடந்து வந்தது. அவள் கணவர் பழனியப்பன் இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதை நடித்துக் காட்டுவார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நவமணியும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு குளியலறைக் கதவைப் படாரென்று சாத்துவாள்.

இந்த முறை ஏமாறக் கூடாது. மகள் தனுஜா இந்தத் திங்கள் போய் அடுத்த திங்கட்கிழமை கெப்பாலா பத்தாஸில் கல்லூரியில் சேர்கிறாள். படிப்புக்கு லேப்டாப் கட்டாயம் வேண்டும். கையில் இருப்பது ஆயிரத்து ஐந்நூறு.

உள்ளேயிருந்து கடை உரிமையாளர் அப்துல் ஹமீது வந்தார். அறுபது வயது, உருண்டையான உடம்பு. வரும்போதே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. ஏன் நிக்கிறீங்க? நஸீஹா, மேடத்துக்கு ஒரு தே தாரேக்."

"டீ வேணாம் பாய். இந்தச் சாமான் எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"போன வருஷ மாடல் மேடம். புதுசு வந்துருச்சு. இது சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு இருக்கு. எல்லாம் முறைப்படிதான்."

நவமணி எழுதினாள். ஹமீது எட்டிப் பார்த்தார்.

"என்னா மேடம் எழுதுறீங்க?"

"'முறைப்படி'ன்னு எழுதினேன்."

"அதுக்கு அடியில ஏன் கோடு போட்டீங்க?"

"நான் கேக்காமலே சொன்னீங்கல்ல, அதான்."

ஹமீது கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைக்குள் குளிர்சாதனம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நவமணி பணத்தைக் கட்டினாள். லேப்டாப்போடு ஒரு தோள்பையும் ஒரு மௌசும் சேர்ந்து வந்தன.

"இதெல்லாம் நான் கேக்கலையே?"

"இருக்கட்டும் மேடம். என் மனசு."

அவர் மனசு ஏன் இப்படி இளகுகிறது என்று யோசித்துக்கொண்டே அவள் காடியில் ஏறி ஓட்டினாள். ஜெலுத்தோங்கில் அவர்கள் அடுக்குமாடிக்கு வந்து சேரும்வரை யோசித்தாள். விடை கிடைக்கவில்லை.

வீட்டில் தனுஜா பெட்டியைக் கண்டதும் குதித்தாள். "அம்மா! இது நாலாயிரம் வெள்ளி லேப்டாப்மா! குடுங்க, திறக்கறேன்."

"கைய எடு. முதல்ல சோதனை."

நவமணி லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு விசையையும் இருபது முறை தட்டினாள். திரையை வெள்ளையாக்கி, கறுப்பாக்கி, மூலை மூலையாகத் தேடினாள். மூடியை நூறு தடவை திறந்து மூடினாள். சூடாகிறதா என்று காய்ச்சல் பார்க்கும் கருவியை அதன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் கழித்து நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு குறையும் இல்ல."

"அதுக்கு ஏம்மா இப்படிச் சொல்றீங்க?" என்றாள் தனுஜா.

"நாலாயிரம் வெள்ளிச் சாமான், குறையே இல்ல, ஆயிரத்து நானூறுக்கு யாராச்சும் குடுப்பாங்களா?"

"அந்த பாய் குடுத்தாருல்ல?"

"அதான் ஏன்னு கேக்குறேன்."

பழனியப்பன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். பாலிக் புலாவுக்குப் பேருந்து ஓட்டுகிறவர். காலுறையைக் கழற்றிக்கொண்டே, "நடக்குதான்னு பாத்தியா நவா?" என்றார்.

நவமணி பார்த்த பார்வையில் அவர் இன்னொரு காலுறையைக் கழற்றாமலே உள்ளே போனார்.

திங்கட்கிழமை வேலையிடத்தில் அவள் பக்கத்து இருக்கை ஜெயலெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயலெட்சுமியின் அக்கா மருமகன் சிங்கப்பூரில் கணினித் துறையில் இருக்கிறான். அதனால் கணினி விஷயத்தில் அந்த வரிசையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அவள் சொல்வதுதான் முடிவு.

"உள்ள பழைய சாமான், வெளிய புதுப் பெட்டி. அவ்ளோதான் லா."

"பாத்தா புதுசாத்தான் இருக்கு ஜெயா."

"பேக்கும் மௌசும் நீயா கேட்டியா?"

"இல்ல. அவரா குடுத்தாரு."

ஜெயலெட்சுமி கண்ணாடியைக் கழற்றினாள். "கேக்காம குடுக்கறாங்கன்னா எதையோ மறைக்கிறாங்க. நீ போய்ச் சாமான் வந்த பேப்பரக் காட்டச் சொல்லு. காட்டினா நல்ல சாமான். முழிச்சா முடிஞ்சிச்சு."

வேலை முடிந்ததும் நவமணி நேராகக் கடைக்குப் போனாள். கதவைத் தள்ளியதும் உள்ளே ஏதோ ஒரு பரபரப்பு ஓடி அடங்கியது. நஸீஹா ஒரு விலையட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சனிக்கிழமை கடை முழுக்கச் சிவப்பு மையால் அடித்த விலைகளாக இருந்தன. இன்றைக்கு ஒன்றைக்கூடக் காணோம்.

"ஆஃபரெல்லாம் எங்க?"

"முடிஞ்சிருச்சு மேடம்," என்றாள் நஸீஹா.

"ரெண்டே நாள்லயா?"

நஸீஹா பதில் சொல்வதற்குள் ஹமீது வந்துவிட்டார். இன்றைக்கு முழுக்கைச் சட்டை.

"பாய், இந்த லேப்டாப்ப உங்களுக்கு யாரு சப்ளை பண்ணா? அந்த பில்லக் காட்டுவீங்களா?"

சாதாரணமாக இப்படிக் கேட்டால் எந்தக் கடைக்காரனும் அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றுதான் கேட்பான். நவமணி அதற்குத் தயாராகப் பதிலும் வைத்திருந்தாள். ஆனால் ஹமீது உடனே உள்ளே போய் நான்கு தடித்த கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"அஞ்சு வருஷத்துக் கணக்கு மேடம். எல்லாம் இருக்கு."

"எனக்கு இந்த ஒரு லேப்டாப் பில்லு போதும்."

"வரி கட்டினதும் இதுலயே இருக்கு. லைசன்ஸ் செவுத்துல மாட்டியிருக்கு. கழிவறைகூட சுத்தமா இருக்கு மேடம், பாக்கறீங்களா?"

கழிவறையை ஏன் பார்க்க வேண்டும்? நவமணி கோப்பைப் புரட்டினாள். பில்லைத் தேடி எடுத்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தேதி, முத்திரை, கையெழுத்து, ஒன்றிலும் பிசகில்லை. அதைப் படம் எடுத்துக்கொண்டு எழுந்தபோது ஹமீது ஒரு பெரிய பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இது என்னா?"

"பிரிண்டர் மேடம். வாரண்டியும் மூணு வருஷமாக்கிட்டேன்."

"நான் பிரிண்டர் வாங்கலையே பாய்."

"தெரியும் மேடம். எடுத்துக்குங்க. நீங்க எடுத்துக்கிட்டாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்."

நவமணி வேண்டாம் என்றாள். அவர் கும்பிட்டார். மறுபடி வேண்டாம் என்றாள். அவர் கண் கலங்கிற்று. வயதான மனிதர் கடை வாசலில் அழுதால் நன்றாகவா இருக்கும்? கடைசியில் நஸீஹாவே பிரிண்டரைக் கொண்டு போய்க் காடியில் வைத்துக் கதவையும் சாத்திவிட்டாள்.

பிரிண்டரைக் கண்டதும் பழனியப்பன் எழுந்து நின்றார்.

"இது எப்ப வாங்குன?"

"வாங்கல. குடுத்தாரு."

"எதுக்கு?"

"ஒரு கேள்வி கேட்டேன்."

"வெறும் கேள்விக்கா?" பழனியப்பன் கொஞ்சம் யோசித்தார். "நவா, நாளைக்குப் போயி அந்தப் பெரிய டிவியப் பத்தி ஒரு கேள்வி கேட்டுட்டு வாயேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் பையைக் கொடுக்கிறார், மௌஸ் கொடுக்கிறார், பிரிண்டர் கொடுக்கிறார், கண் கலங்குகிறார். இத்தனையும் கொடுத்து மறைக்க வேண்டிய அளவுக்கு அந்த லேப்டாப்புக்குள் என்னதான் இருக்கிறது? அன்றைக்கு அதைத் தனுஜா பக்கத்தில் வைத்துக்கொள்ளவே அவள் விடவில்லை. மேசை நடுவில் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தாள்.

புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டாள். பேரங்காடியில் மூன்றாவது மாடியில் கோகிலன் என்பவர் லேப்டாப் பழுது பார்க்கிறார், நாணயமான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவரிடம் கொண்டு போய் வைத்தாள்.

"என்னா பிரச்சனைக்கா?" என்று கேட்டார் கோகிலன்.

"பிரச்சனை ஒன்னும் இல்ல."

"அப்புறம்?"

"அதான் பிரச்சனை. திறந்து பாருங்க தம்பி."

"திறந்தா இந்த சீல் கிழிஞ்சிரும். வாரண்டி போயிரும்கா. மூணு வருஷம் போட்டிருக்காங்க."

"மூணு வருஷம் போட்டதாலதான் சொல்றேன். திறங்க."

கோகிலன் திறந்தார். தலையில் கட்டிய விளக்கோடு குனிந்து பத்து நிமிடம் பார்த்தார்.

"புத்தம் புதுசு. உள்ள தூசிகூட இல்ல. எல்லாம் கம்பெனிச் சாமான்."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாத்தேன்."

"ஏதாவது ஒன்னு சொல்லுங்க தம்பி. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

அவள் முகத்தைப் பார்த்துக் கோகிலனுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். மறுபடி குனிந்தார். "இந்த மூலை ஸ்குரூ கொஞ்சம் அதிகமா முடுக்கியிருக்காங்க."

நவமணிக்கு ஐந்து நாளில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆனால் அந்த நிம்மதி அரை நிமிடம்தான். கோகிலன் மூடியைப் பூட்டிக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு இது வேணாம்னா ரெண்டாயிரத்து இருநூறு தரேன். எனக்குக் குடுத்துருங்க" என்றார்.

நவமணி லேப்டாப்பை அப்படியே பிடுங்கிப் பைக்குள் போட்டாள். கடைக்காரர் ஆயிரத்து நானூறுக்கு விற்கிறார். இவர் இரண்டாயிரத்து இருநூறுக்கு வாங்கிக்கொள்கிறார். என்ன நடக்கிறது இந்த ஊரில்? இவர்கள் இரண்டு பேரும் கூட்டா?

யோசித்தது போதும், சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று முடிவு கட்டினாள். சீல் கிழிந்ததையும் மறைக்கக் கூடாது. நேராகச் சொல்லிவிட வேண்டும். பிரிண்டரையும் காலையிலேயே காடியில் ஏற்றி வைத்திருந்தாள். அதையும் கொடுத்துவிடலாம்.

கடையில் அன்றைக்கு வாடிக்கையாளர் யாருமில்லை. ஹமீது கழுத்தில் டை கட்டியிருந்தார்.

"பாய், ஒரு விஷயம் சொல்லணும். சீல் கிழிஞ்சிருச்சு. உள்ள திறந்து பாக்கச் சொல்லி ஆள்கிட்ட குடுத்தேன்."

ஹமீது பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "என்னா… என்னா சொன்னாங்க?"

"ஒரு ஸ்குரூ மட்டும் முடுக்கமா இருக்காம். ஆனா எனக்கு இன்னும் சந்தேகம் தீரல. இத நீங்களே திருப்பி எடுத்துக்குங்க. பிரிண்டரும் காடியில இருக்கு."

"ஐயோ மேடம்! திருப்பி எடுத்தா நாங்க தப்புப் பண்ணோம்னு ஆயிடும்ல? வேணாம் மேடம். வச்சிக்குங்க. தயவு செஞ்சு வச்சிக்குங்க."

"என்னா தப்பு பாய்?"

"அந்த 3,999 நான் கொஞ்சம் கூட்டிப் போட்ட விலைதான் மேடம். மூவாயிரத்துக்குத்தான் வித்தோம். பக்கத்துக் கடையில எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. அதுக்காக இத்தனை தடவ வரணுமா?"

நவமணி குழம்பினாள். மூவாயிரம் வெள்ளிச் சாமானை ஆயிரத்து நானூறுக்குக் கொடுத்தாலும் மலிவு மலிவுதானே? இதற்கா அழுகிறார்?

"அதுல எனக்கு ஒன்னும் இல்ல பாய். எனக்கு உண்மை தெரிஞ்சாப் போதும்."

"அதான் உண்மை மேடம்!" ஹமீது மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "நீங்க கட்டின காசு. முழுசா இருக்கு. இதோட முடிச்சிக்குவோம்."

"அப்ப லேப்டாப்ப எடுத்துக்குங்க."

"அதும் உங்களுக்குத்தான்."

நவமணி உறையைத் திருப்பித் தள்ளினாள். "எனக்கு வேணாம்."

ஹமீது உறையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு இன்னும் சில நோட்டுகளை எடுத்து அந்த உறைக்குள் திணித்தார்.

"இப்பவும் போதாதா மேடம்?"

"எது போதாதா?"

"எனக்கு மூணு பிள்ளைங்க மேடம். கடைசிப் பொண்ணுக்கு அடுத்த மாசம் நிக்காஹ்."

"நல்லபடியா நடக்கட்டும் பாய்," என்றாள் நவமணி.

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். நவமணிக்குப் பயம் வந்துவிட்டது. லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தாள். நஸீஹா அதை மறுபடி பைக்குள் போட்டு அவள் தோளிலேயே மாட்டி, "போயிட்டு வாங்க மேடம், மெதுவா ஓட்டுங்க" என்று காடிவரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

அந்த உறை லேப்டாப் பையின் பக்கவாட்டு அறையில் இருந்ததைச் சாயங்காலம் தனுஜாதான் கண்டுபிடித்தாள்.

"அம்மா, இதுல காசு இருக்கு!"

கட்டிய பணம் முழுவதும் இருந்தது. அதற்குமேல் ஐந்நூறும் இருந்தது. பழனியப்பன் இந்த முறை கேலி பேசவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நவா, இது திருட்டுச் சாமான்தான்."

"பில்லு இருந்துச்சுங்க. நான் பாத்தேன்."

"பில்லு அடிக்கறதா பெரிசு? சாமானும் குடுத்து, காசும் குடுத்து, அழுவவும் அழுவறான்னா என்னா அர்த்தம்? எவனோ தேடிக்கிட்டு வர்றான். சாமான நம்ம தலையில கட்டிட்டு அவரு ஓடப் பாக்கறாரு."

தனுஜா லேப்டாப்பைத் தொடாமல் அதன் பக்கத்தில் நின்றாள். "திங்கக்கிழமை ரெஜிஸ்ட்ரேஷன்மா. என் ஃபாரம் எல்லாம் அதுலதான் ஏத்தி வச்சிருக்கேன்."

நவமணி மகளைப் பார்த்தாள். மூன்று வருடமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கணினியை இரவல் வாங்கிப் படித்துத் தேறியவள். கையில் முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று வந்திருக்கிறது. அதைப் பிடுங்க நவமணிக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"காலேஜுக்குப் போற முதல் நாளே உன் கையில திருட்டுச் சாமான் இருக்கக் கூடாது. நான் பொறுப்பு. வேற ஏற்பாடு பண்றேன்."

தனுஜா தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போனாள். அவள் அழுகிற சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நவமணிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் உறையையாவது கொடுத்துவிடலாம் என்று கடைக்கு ஓடினாள். கடை பூட்டியிருந்தது. இரும்புக் கதவில், "இன்று விடுமுறை" என்று காகிதம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஜாதிக்காய் ஊறுகாய் விற்கும் சீனப் பாட்டியிடம் விசாரித்தாள். பாய் காலையிலேயே டை கட்டிக்கொண்டு, கோப்புகளைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டார் என்று பாட்டி மலாயில் சொன்னார்.

ஓடிவிட்டார்! பழனியப்பன் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கணவனும் மனைவியும் பயனீட்டாளர் புகார் அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். நவமணி தோளில் லேப்டாப். பழனியப்பன் கையில் பிரிண்டர். மௌஸ் அவர் சட்டைப்பையிலிருந்து வாலை நீட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் எண் முகப்பில் சுபாஷினி என்று பெயர் அட்டை மாட்டிய ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்கக்கா. என்னா புகார்?"

நவமணி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருடம் அறிக்கை எழுதிப் பழகியவள். ஒன்றையும் விடவில்லை. தேதி, நேரம், கொடுத்த பொருள், அவர் சொன்ன வார்த்தை. சுபாஷினி முதலில் வேகமாகத் தட்டச்சு செய்தாள். கடையின் பெயர் வந்ததும் கை மெதுவாகிற்று. பிரிண்டர் வந்ததும் நின்றது.

"அந்தக் காசையும் கொண்டு வந்திருக்கீங்களா?"

நவமணி உறையை முகப்பில் வைத்தாள். "நான் ஒரு காசு எடுக்கல."

சுபாஷினி எழுந்தாள். "நீங்க உள்ள வந்து உக்காருங்கக்கா. அண்ணே, நீங்களும் வாங்க. பிரிண்டரயும் எடுத்துக்கிட்டே வாங்க."

உள்ளே நல்ல மெத்தை நாற்காலி. யாரோ இரண்டு கோப்பை மைலோ கொண்டு வந்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சீருடை போட்ட இரண்டு அதிகாரிகள் வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஒருவர் லேப்டாப்பின் எண்ணை ஒரு காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னொருவர் நவமணியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்று நவமணி கணவரின் காதில் சொன்னாள். "இங்கதான் ஒரு விஷயத்த ஒழுங்காப் பாக்கறாங்க."

பழனியப்பன் மைலோவைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார். இனிமேல் எந்தக் கல்யாண வீட்டிலும் வாஷிங் மெஷின் கதையைச் சொல்லக் கூடாது, இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

நவமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆறு நாள் குழப்பத்துக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. மகளுக்கும் இவர்கள் ஏதாவது வழி சொல்லாமலா போய்விடுவார்கள்?

"அந்த பாயப் புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சுபாஷினி அதிகாரிகளைப் பார்த்தாள். அவர்கள் சொல்லச் சொல்லித் தலையசைத்தார்கள். அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"நேத்து ஹமீது பாய்தான்க்கா இங்க வந்தாரு, நம்ம அமலாக்க ஆபீசர் மாதிரி ஒரு பொம்பள கடையில சோதனை போட்டு, மிரட்டி, லேப்டாப்பு, பிரிண்டர், காசுன்னு எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு புகார் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு… அது நீங்கதானா?"